இறங்காமல் பார்க்கும் தீவு

நார்கொண்டம் இருவாச்சி உலகத்தில் ஒரே ஒரு தீவில்தான் இருக்கிறது. அந்தத் தீவின் பரப்பு 6.8 சதுர கிலோமீட்டர். எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் சுமார் 485 சதுர கிலோமீட்டர். அதற்குள் இப்படி எழுபது தீவுகளை அடுக்கிவிடலாம். ஓர் இனம் முழுக்க, குஞ்சு குளுவானோடு, அந்தத் துண்டு நிலத்தில் பிறந்து, ஜோடி சேர்ந்து, வளர்ந்து, மடிந்துபோகிறது. அங்கே ஒரு தீ பற்றினாலோ, ஒரு நோய் பரவினாலோ ஒதுங்கிப் போய் உட்கார அந்தப் பறவைக்கு வேறு காடு கிடையாது.

அந்தமான் கடலில் இருக்கும் அந்த நார்கொண்டம் தீவு ஓர் எரிமலை. இப்போது உறங்குகிறது. கடலுக்கு மேலே 710 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த மலை, உச்சிவரைக்கும் மரம் போர்த்திய பச்சை மலை. அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டினால் இன்னொரு எரிமலை வரும். அதற்குப் பெயர் பேரன் தீவு. அது உறங்கவில்லை. இந்தியாவில் இன்றைக்கும் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை அதுதான். போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் மாற்றிய அதே போர்ட் பிளேர்தான். ஊர்க்காரர்களின் வாயில் இன்னும் பழைய பெயரே இருக்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த இரண்டு தீவுகளையும் 1977இலேயே வனவிலங்குச் சரணாலயங்களாக அறிவித்துவிட்டார்கள். பேரன் தீவில் பயணிகள் கால் வைக்க அனுமதி இல்லை. வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்கிய படகுகள் தீவைச் சுற்றிவரலாம், அவ்வளவுதான். ஹேவ்லாக்கிலிருந்து தனியார் விரைவுப் படகுகளும், முக்குளிப்பவர்களை ஏற்றிக்கொண்டு கடலிலேயே தங்கும் படகுகளும் போகின்றன. அந்தமான் நிர்வாகத்தின் பயணிகள் கப்பல்களையும் எப்போதாவது இதற்கென்று விடுவதுண்டு. இரவில் புறப்பட்டால் விடியும்போது தீவு கண்ணுக்குத் தெரியும். நார்கொண்டத்துக்கோ சுற்றுலா என்பதே கிடையாது. ஆராய்ச்சியாளர்களும், அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாரான பறவை ஆர்வலர் சிலரும்தான் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள்.

இதைச் சேத்தூரில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் அண்ணாச்சி, ராஜபாளையத்துல ரயில் ஏறி, மெட்ராஸ் போய், அங்கன இருந்து மூணு நாள் கப்பல்ல போய், மறுபடி ஒரு ராத்திரி படகுல போய், கடைசில இறங்கவே கூடாதுன்னா, அம்புட்டுக் காசு எதுக்கு?" என்றார். ஞாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலே இந்தக் கட்டுரை.

கடலிலிருந்து தெரிவது

முதலில் எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தமான் கடலில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சின்னப் படகுகளுக்கு அது இடமில்லை. விடியற்காலையில் கப்பலின் மூக்குப் பக்கம் நின்றால், நம் கடலோரத்தில் பறவைக்கோலா என்று சொல்கிற பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பி, துடுப்பை விரித்து வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போய் மறுபடி விழுவதைப் பார்க்கலாம். ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், கப்பல் கிளப்பும் அலையில் விளையாட வரும். ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே வட்டமிடும். கரை அருகே வந்ததும் வெள்ளை உடம்பும் கறுத்த இறக்கை ஓரமுமாகப் பெரிய புறாக்கள் காட்டிலிருந்து கிளம்பிப் போகும். தீவு விட்டுத் தீவு பறந்து பழம் தின்னும் புறா அது. கடலில் குதிக்கிறவர்களுக்குக் கீழே கொம்புத் திருக்கைகள் இருக்கின்றன. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைமேல் பவளம் மறுபடி முளைத்துக்கொண்டிருக்கிறது.

பேரன் தீவைக் கிழக்கே இருந்து பார்த்தால் அது சாதாரணத் தீவு. செங்குத்தான சரிவு, அடர்ந்த காடு. படகு மேற்கே திரும்பியதும் தீவின் முகமே மாறிவிடுகிறது. பழைய எரிமலையின் வட்டச் சுவர் அந்தப் பக்கம் உடைந்து திறந்திருக்கிறது. உள்ளே சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் பள்ளம். அதன் நடுவே சாம்பலும் கல்லும் குவிந்த புதிய கூம்பு. அதன் வாயிலிருந்து புகை. கூம்பின் அடியிலிருந்து உடைப்பு வழியாகக் கடல்வரைக்கும் கறுப்பு ஆறுபோல உறைந்து கிடக்கிறது கல். மழைக்காலத்தில் கண்மாய்க் கரை உடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எங்கள் ஊர்ச் சம்சாரிக்கு ஒரே பார்வையில் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் பேரன் தீவின் வரலாறு முழுவதும் அந்த உடைப்பில் எழுதியிருக்கிறது.

பதிவாகியிருக்கும் முதல் வெடிப்பு 1787இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, போர்ட் பிளேருக்குத் தன் பெயரைக் கொடுத்த ஆர்ச்சிபால்ட் பிளேர் இந்தப் பக்கம் வந்தபோதும் மலை கனன்றுகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சில முறை பொங்கிவிட்டு அடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு அடங்கியே கிடந்ததால் செத்த மலை என்றே பலரும் நினைத்துவிட்டார்கள். 1991இல் திடீரென்று வாய் திறந்தது. மாதக்கணக்கில் குழம்பு ஓடிக் கடலில் விழுந்தது. பிறகு 1994, 1995. அப்புறம் 2005 மே மாதம். சுனாமி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் பக்கத்துக் கடலில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது, கண் முன்னாலேயே சாம்பல் எழும்பியது. பகலில் கரும்புகை, இருட்டிய பிறகு பார்த்தால் வாயிலிருந்து சிவப்பு ஊற்று. 2025 செப்டம்பரிலும் பொங்கியது.

நாம் பார்ப்பது நுனி மட்டும்தான். அந்த மலையின் அடி கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு கிழக்கே போய் இன்னொரு தட்டுக்கு அடியில் புகுகிறது. புகுந்து ஆழத்துக்குப் போன பாறையிலிருந்து வெளியேறும் நீர் மேலே உள்ள பாறையை உருக வைக்கிறது. உருகியது வழி தேடி மேலே வருகிறது. சுமத்ராவின் எரிமலைகளில் தொடங்கி, பேரன், நார்கொண்டம், மியான்மரின் போப்பா மலை என்று ஒரே வரிசை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் கன்னியாகுமரிக்கும் சாவைக் கொண்டுவந்த பூகம்பம், இதே தட்டுகள் உரசிய இடத்தில்தான் கிளம்பியது. அந்தக் கடலோரத்தில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த எரிமலை ஏதோ தூரதேசத்து வேடிக்கையாகத் தெரியாது.

ஹ்யூம் போன கப்பல்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ஏ.ஓ. ஹ்யூம் என்ற பெயர் தெரியும். 1885இல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று ஒரு மதிப்பெண் கேள்வியில் படித்திருப்போம். அவர் இந்தியப் பறவையியலின் பெரிய ஆள் என்பது பாடப்புத்தகத்தில் வராது. 1873 மார்ச்சில் அவர் நிலவியல் அறிஞர்களான ஸ்டோலிச்காவையும் வாலன்டைன் பாலையும் கூட்டிக்கொண்டு நீராவிக் கப்பலில் அந்தமான், நிக்கோபார் தீவுகளைச் சுற்றினார். பேரன் தீவுக்கும் போனார்கள், நார்கொண்டத்துக்கும் போனார்கள். உயிர்களைப் பார்ப்பதற்கென்றே இந்த எரிமலைத் தீவுகளைக் கப்பலில் சுற்றிய பயணம் என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்தவற்றுள் பழையது அதுதான். நார்கொண்டம் இருவாச்சியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தப் பயணம்தான். அந்தக் காலத்தில் பறவையைப் பார்ப்பது என்றால் சுட்டுத் தோலை உரித்துப் பாடம் பண்ணுவது. ஹ்யூம் சேர்த்த பல்லாயிரக்கணக்கான பறவைத் தோல்கள் பிற்பாடு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. வாழ்நாள் முழுவதும் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளை வீட்டு வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதத்துக்கு எடைக்குப் போட்டுவிட்டார் என்பது இந்தியப் பறவையியலின் தீராத துக்கம்.

அந்த நார்கொண்டம் இருவாச்சியைக் கொஞ்சம் பார்க்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சியில் பாதி அளவுகூட எடை வராது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு முழுக்கக் கறுப்பு. அலகின்மேல் மடிப்பு மடிப்பாக ஒரு புடைப்பு. மரப்பொந்துக்குள் பெண் புகுந்துகொண்டு, எச்சத்தாலும் தின்ற மிச்சத்தாலும் வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் இடுக்கு மட்டும்தான் மிச்சம். முட்டை பொரிந்து குஞ்சு வளரும்வரைக்கும் ஆண் பறவை அத்தி, ஆல் வகைப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஊட்டும். அந்த நாட்களில் ஆண் செத்தால் உள்ளே இருக்கிற குடும்பம் பிழைப்பது கடினம். இந்தக் கூடு கட்டும் காலம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்கள். கடல் அமைதியாக இருந்து படகுகள் போகத் தோதான காலமும் அதுவேதான்.

நார்கொண்டம் ஒருநாளும் எந்தக் கரையோடும் ஒட்டியிருந்ததில்லை. கடலடியிலிருந்து எரிமலையாகத் தனியே எழும்பிய நிலம். அங்கே இருக்கும் ஒவ்வொரு மரமும் கொடியும் பறவையும் பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்தவற்றின் வாரிசு. குரங்கு வரவில்லை, அணில் வரவில்லை, மான் வரவில்லை. பழம் தின்று விதை பரப்பும் வேலை முழுக்க இருவாச்சி, பெரிய புறா, குயில் போன்ற சில பறவைகளின் தலையில். மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் 2019 முடிந்து 2020 தொடங்கும் சமயத்தில் அந்தத் தீவில் தங்கி எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 1,000 இருவாச்சிகள். சதுர கிலோமீட்டருக்கு நூற்றைம்பது என்ற கணக்கு. உலகத்தில் வேறெந்த இருவாச்சிக் காட்டிலும் இவ்வளவு நெருக்கம் பதிவாகியதில்லை. காட்டுக்குள் நடந்தால் தலைக்கு மேலே இறக்கைச் சத்தம் ஓயாது. 2021இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் இதே தீவிலிருந்து ஒரு மூஞ்சூறைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். அந்தப் பிராணியும் உலகத்தில் அங்கே மட்டும்தான்.

நாம் கொண்டுபோய் விட்டவை

மாந்தோப்புக்காரரின் கேள்விக்கு இனி பதில் சொல்லலாம்.

பேரன் தீவில் ஆடுகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம். கப்பல் உடைந்து யாராவது ஒதுங்கினால் சாப்பாட்டுக்கு ஆகும் என்பது அந்தக் காலத்து மாலுமிகளின் கணக்கு. எரிமலை பொங்கி, காடு கருகி, சாம்பல் மூடிய 1991ஐயும் அந்த ஆடுகள் தாண்டிவிட்டன. கடல்நீரைக் குடித்தே வாழ்கின்றன என்றுகூட வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். தீவில் நல்ல தண்ணீர் ஊற்று இருப்பது பிற்பாடு தெரியவந்தது. ஆடுகளின் பிழைப்புத் திறனை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடு முளைக்கும் கன்றை மேய்ந்துவிடும். எரிந்த காடு மறுபடி எழும்ப வேண்டிய இடத்தில் கன்றுகள் இல்லாமல் போனால் அடுத்த தலைமுறை மரம் எங்கிருந்து வரும்?

நார்கொண்டத்தில் இந்தப் பாடம் இன்னும் தெளிவாக நடந்தது. மியான்மர் அந்தத் தீவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1986 ஒப்பந்தத்தில்தான் அந்தப் பேச்சு முடிந்தது. அதனால் 1960களின் இறுதியிலிருந்தே அங்கே காவல் நிலையம் ஒன்று இயங்குகிறது. கரையிலிருந்து உதவி வர நாள்கணக்காகும் இடத்தில் மாதக்கணக்கில் இருக்கவேண்டிய அந்தக் காவலர்களின் வேலை லேசானதில்லை. அவர்கள் கறிக்காக 1976இல் சில ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1990களின் முடிவில் அவை நூற்றைத் தாண்டிவிட்டன. காட்டின் கீழ்த்தட்டு மொட்டையாகத் தொடங்கியது. தென்னையும் வாழையும் வைக்கவும் விறகுக்கும் ஒரு பகுதிக் காடு போனது. கோயம்புத்தூர் ஆனைக்கட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்திலிருந்து போன ரவி சங்கரன் போன்றவர்கள், ஆடுகளை முற்றிலும் அகற்றவேண்டும், வேட்டை நிற்கவேண்டும் என்று அழுத்தமாக எழுதினார்கள். அப்போது பறவைகள் நானூறுக்கும் கீழே என்றுதான் மதிப்பிட்டார்கள். பிறகு ஆடுகளைத் தீவை விட்டு அகற்றினார்கள். இன்றைக்குச் சுமார் ஆயிரம் என்று எண்ண முடிகிறது. எண்ணிய முறைகள் வேறு வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் ஒரு தீவைக் கைவிட்டுவிடாமல் திருத்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் உழைப்பும் சாட்சியாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

திருத்த முடியாமல் போனதற்கும் நமக்குத் தெரிந்த ஊரே உதாரணம். மொரீசியஸ். தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போய், இன்றைக்கும் தைப்பூசக் காவடி எடுக்கும் நாடு. பண நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கும் நாடு. அதுவும் எரிமலைத் தீவுதான். பறக்கத் தெரியாத டோடோ அங்கேதான் இருந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்து, எலியும் பன்றியும் குரங்கும் இறங்கி, நூறு வருடம்கூட ஆகவில்லை, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இல்லாமல் போனது. மனிதன் அடித்துத் தின்றது ஒரு பங்கு. தரையில் இட்ட முட்டையை எலியும் பன்றியும் தின்றது அதைவிடப் பெரிய பங்கு. அதே மொரீசியஸுக்குப் பக்கத்தில் உருண்டைத் தீவு என்று ஒரு சின்ன எரிமலைத் தீவு. அங்கே விட்டிருந்த ஆடுகளை 1979இலும் முயல்களை 1986இலும் ஒன்றுவிடாமல் அகற்றினார்கள். வேறெங்கும் இல்லாத பல்லிகளும் பனை வகைகளும் அங்கே மறுபடி தழைத்தன. ஆனால் அதற்கு முன்பே, 1975இல் கடைசியாகக் கண்ணில் பட்ட ஒரு பாம்பு இனம், என்ன செய்தும் திரும்பவில்லை.

காலாபாகோஸ் தீவுகளில் இது பெரிய போரே. அங்கே இரண்டு பெரிய தீவுகளை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்த ஆடுகளை 1997 முதல் 2006 வரைக்கும் துப்பாக்கி வைத்து, ஹெலிகாப்டரில் பறந்து, ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமாகக் கொல்ல வேண்டியிருந்தது. ஆமைகள் பிழைக்க வேண்டுமென்றால் வேறு வழி இல்லை என்று முடிவெடுத்தார்கள். படிக்கும்போது மனசு கனக்கிறது. ஆடு செய்த தப்பு என்ன? கொண்டுவந்து விட்டவன் போய்ச் சேர்ந்து நூறு வருடம் ஆகிவிட்டது, குண்டு வாங்கியது ஆடு. தீவில் எதையும் இறக்காமல் இருப்பதே கடைசியில் ஆட்டுக்கும் நல்லது, ஆமைக்கும் நல்லது.

இறங்குகிற கால் ஒவ்வொன்றும் எதையாவது கொண்டுபோகிறது. செருப்பின் அடியில் ஒட்டிய விதை, சாக்குப் பையில் எறும்பு, படகின் அடித்தட்டில் ஒரு சூல் எலி. ஆயிரம் பறவைகள் மட்டுமே உள்ள இனத்துக்கு, பொந்து ஏறும் எலி என்பது படை எடுப்பு.

மனித உயிருக்கும் கணக்கு உண்டு. நியூசிலாந்தின் வக்காரி தீவு, பேரன் தீவு போலவே புகைந்துகொண்டிருக்கும் எரிமலை. அங்கே பயணிகளை இறக்கி எரிமலை வாய் வரைக்கும் நடத்திக் காட்டினார்கள். 2019 டிசம்பர் 9ஆம் தேதி 47 பேர் தீவில் இருக்கும்போது அது வெடித்தது. 22 பேர் இறந்துபோனார்கள். அந்த 47இல் பெரும்பாலோர் ஒரு சொகுசுக் கப்பலில் வந்து, ஒரு பகல் வேடிக்கை பார்க்கக் கரையேறியவர்கள். பேரன் தீவில் கால் வைக்க முடியவில்லையே என்று ஆதங்கப்படும் பயணிகளின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேதி ஞாபகம் வரும்.

நார்கொண்டத்தின் கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. கடலோரக் காவல்படை அங்கே ரேடார் நிலையம் அமைக்கக் கேட்டது. ரேடார் என்றால் அதனோடு ஜெனரேட்டர், டீசல், சாலை, ஆட்கள் எல்லாம் வரும். 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் அதை மறுத்தார். 2014இல் வந்த அரசு அனுமதித்தது. எல்லைப் பாதுகாப்பு வேண்டாத விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். வடமேற்கே கொஞ்ச தூரத்தில் வேறு நாட்டுத் தீவுகள் இருக்கின்றன. ஆனால் நாட்டைக் காக்கக் கட்டும் எதுவும், அந்த நாட்டில் மட்டுமே உள்ள ஓர் உயிரை விலையாகக் கேட்டால், இடத்தை மாற்றிப் பார்ப்பதற்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் தகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடல் இல்லாத தீவுகள்

எங்கள் சேத்தூர் மலை எரிமலை இல்லை. மகாராஷ்டிரத்துப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது. நம் பக்கம் அதைவிடப் பல மடங்கு பழைய, பூமிக்கு அடியில் வெந்து இறுகிய பாறை. ஆனாலும் பேரன் தீவைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஊர்த் தெருவிலிருந்து மேற்கே தெரியும் மலை எனக்குத் தீவாகத்தான் தெரிகிறது.

சாம்பல் நிற மலை அணிலை எடுத்துக்கொள்வோம். அதற்காகத்தான் 1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்தது. செண்பகத்தோப்பில் காலையில் பொறுமையாக நின்றால் பார்த்துவிடலாம். அது மரத்தை விட்டுத் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டு நிற்கும் ஓடையோரக் காடுதான் அதன் ஊர். இந்தியாவில் இங்கே, கேரளத்தின் சின்னாறில், காவிரிக் கரையில் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. அப்புறம் இலங்கையில். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு அது போகவே முடியாது. நடுவில் இருக்கும் வயலும் ரோடும் வீடும் அதற்குக் கடல். ஒரே ஓடைக்கரையில் நாலு மருத மரத்தை வெட்டிவிட்டாலும், அந்த இடைவெளி அதற்கு ஒரு கால்வாய்தான். அடிவாரத்து மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் அதற்கு எவ்வளவு முக்கியம் என்பதைத் தோப்புக்காரர்களே சொல்லிவிடுவார்கள். கடித்துப்போட்ட காயைக் காட்டித் திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள்.

இன்னும் தெற்கே போனால் செங்கோட்டைக் கணவாய். கொல்லம் ரயில் புகுந்து போகும் அந்த இடைவெளி, மலை உச்சிச் சோலைகளில் வாழும் ஒரு சின்ன நீல நிறப் பறவைக்குத் தாண்ட முடியாத கடலாக இருந்திருக்கிறது. கணவாய்க்கு வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் தனித்தனி இனங்கள் என்று மரபணுவைப் படித்து 2017இல் அறிவித்தார்கள். தெற்கில் இருப்பது அகத்தியமலைப் பக்கத்து உச்சிகளில் மட்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நீலகிரியில் மூன்றாவது இனம். நார்கொண்டத்தில் கடல் செய்த வேலையை இங்கே வெயிலும் தாழ்ந்த நிலமும் செய்திருக்கின்றன. தென்காசிக்கு பஸ்ஸில் போகும்போது வலது பக்கம் பார்த்தால், ஒவ்வொரு உயரமான சோலையும் தன்னந்தனித் தீவு.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் ஆயின. மொத்தம் 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேகமலையில் பெரிய இருவாச்சியும் இருக்கிறது. காப்பகம் வந்த பிறகு மலைக்குள் போவதற்குக் கட்டுப்பாடு கூடிவிட்டது என்று நம் பக்கத்தில் வருத்தம் உண்டு. அய்யனார் கோயில் அருவியிலும், தேவதானம் தாண்டிச் சாஸ்தா கோயிலிலும் தலைமுறை தலைமுறையாகக் குளித்துக் கும்பிட்டு வந்தவர்களின் வருத்தத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய சாமி அங்கே இருக்கிறது. ஆனால் கும்பிட வருகிறவர் ஒரு வகை. பிரியாணிப் பொட்டலமும் பிளாஸ்டிக் தம்ளரும் கொண்டு வந்து, தின்ற மிச்சத்தைப் பாறை இடுக்கில் திணித்துவிட்டுப் போகிறவர் வேறு வகை. காட்டில் மீந்த சோறும் ஒரு வகையில் தீவில் இறங்கிய ஆடுதான். அதற்குக் குரங்கு பழகும், பன்றி பழகும், பின்னாலேயே ஊர் நாயும் வரும்.

மாந்தோப்புக்காரர் கேட்டதற்கு நான் சொன்னது இதுதான். பேரன் தீவைச் சுற்றிவரும்போது கொடுக்கும் காசு, கடலில் நின்று மரியாதையாகப் பார்ப்பதற்கான காசு. இறங்கினால் கிடைக்கக்கூடிய எதுவும் அங்கே நமக்கு உரியது இல்லை.

அந்தமான் நிர்வாகத்திடம் கேட்கவேண்டியவையும் இருக்கின்றன. காலாபாகோஸில் எந்தக் கப்பலிலும் நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய இயற்கை வழிகாட்டி இல்லாமல் எந்தக் கூட்டமும் எங்கும் போகக்கூடாது. பேரன் தீவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும், ஒவ்வொரு படகிலும் அப்படி ஒருவர் இருக்கவேண்டும். எரிமலையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், ஆலாவையும் திருக்கையையும் வெள்ளைப் புறாவையும் பேர் சொல்லிக் காட்டத் தெரிந்தவராக இருக்கவேண்டும். போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்தால் தமிழிலும் சொல்ல ஆள் கிடைக்கும். கரைக்கு எவ்வளவு அருகே படகு போகலாம் என்று ஒரே தூரத்தை எல்லோருக்கும் வகுக்கவேண்டும். ஒலிபெருக்கிக்கும் டிரோனுக்கும் அந்தக் கடலில் வேலை இல்லை. குப்பை கப்பலோடு போய்க் கப்பலோடு திரும்பவேண்டும். நார்கொண்டத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் அரசுக் கப்பல்களையும் படகுகளையும், புறப்படும் துறைமுகத்திலேயே எலி இருக்கிறதா என்று சோதித்து ஏற்றவேண்டும். கூடு கட்டும் மூன்று மாதத்துக்கு நார்கொண்டத்தில் ஆராய்ச்சிக்கும் காவலுக்கும் அல்லாமல் வேறு யாருக்கும், எவ்வளவு பெரிய சிபாரிசோடு வந்தாலும், அனுமதி தரக்கூடாது.